செவ்வரத்தையில் அழுக்கணவன்: மருந்துப் போத்தலுக்கு முன்

மாரி மழை ஓய்ந்து தை பிறந்தால் எங்கள் கிழக்கு மாகாணப் பக்கத்து வளவுகளில் எல்லாப் பூக்கன்றும் ஒரேயடியாகத் துளிர்விடும். செவ்வரத்தை, அலரி, எக்சோரா, நந்தியாவட்டை, றோசா என்று வேலியோரம் நிற்கிற அத்தனையிலும் இளங்கொழுந்து. அந்தக் கொழுந்தைத் தேடி அழுக்கணவனும் வந்துவிடும். தமிழ்நாட்டில் அசுவினி என்றும் செடிப்பேன் என்றும் சொல்வது இதைத்தான். கொழுந்து சுருளும், மொட்டு விரியாமல் நிற்கும், கீழ் இலையெல்லாம் பிசுபிசுக்கும், பிறகு கரி பூசியதுபோல் கறுத்துப்போகும். அந்த நாட்களில் அக்கம்பக்கத்துப் பெரியம்மாக்கள் என்னிடம் சொல்கிற முறைப்பாடு ஒன்றுதான்: "மருந்தடிச்சும் போகுதில்ல மனே, மறுகாவும் வந்திரிக்கு."

மறுகாவும் ஏன் வருகிறது என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு வளவில் நிற்கும் பூக்கன்றுக்கு வருகிற அழுக்கணவனுக்கு இரசாயன மருந்து தேவையில்லை. தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், ஒரு கத்தரிக்கோல், ஒரு கிழமைப் பொறுமை இருந்தால் போதும். ஆனால் முதலில் செடியில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் இலையைத் திருப்புங்கள்

அழுக்கணவன் மிகச் சிறியது. பெரும்பாலும் ஒன்று, இரண்டு மில்லிமீற்றர்தான். மென்மையான, உருண்டை வயிறு. கூட்டமாக இருக்கும். நுனிக் கொழுந்து, மொட்டின் காம்பு, இளம் இலையின் அடிப்பக்கம் ஆகிய மூன்று இடங்களிலும்தான் தேட வேண்டும். முற்றின இலையில் அதிகம் இராது. பூதக்கண்ணாடி இருந்தால் வயிற்றின் பின்பக்கத்தில் இரண்டு சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வேறெந்தச் சாறுறிஞ்சிப் பூச்சிக்கும் அது கிடையாது. அழுக்கணவன்தான் என்பதற்கு அதுவே உறுதியான அடையாளம். கூட்டத்துக்கு நடுவே வெள்ளையாகச் சருகுபோன்ற துகள்கள் கிடந்தால் அவை உரித்துப்போட்ட தோல்கள். பலர் அவற்றை வேறொரு வெள்ளைப் பூச்சி என்று நினைத்துவிடுகிறார்கள்.

பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது வெண்மூட்டுப்பூச்சி. செவ்வரத்தையின் நுனி முழுவதும் ஒரே முடிச்சாகத் திரண்டு, இலை விரியவே விரியாமல் நின்றால் பெரும்பாலும் அதன் வேலைதான். கிளையை உலுப்பியதும் வெள்ளையாகப் பறந்து எழும்பித் திரும்பவும் வந்து உட்கார்ந்தால் வெள்ளை ஈ. தண்டில் அசையாமல் மேலோடுபோல் ஒட்டிக்கொண்டிருந்தால் செதில் பூச்சி.

இன்னுமொன்று. எக்சோரா இலை கறுத்திருக்கிறது, ஆனால் எத்தனை தேடியும் அந்தச் செடியில் ஒரு பூச்சியும் இல்லை என்றால் தலையை உயர்த்தி மேலே பாருங்கள். மேலே தென்னை நிற்கும். தென்னோலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு பூசினபடி முட்டையிடும் வெள்ளை ஈ 2019 ஆம் ஆண்டளவில் இலங்கையில் கண்டறியப்பட்டது. அது கழிக்கும் இனிப்புத் திரவம் கீழே சொட்டி, கீழே நிற்கும் செடியின் இலையில் கரும்பூசணம் வளரும். அந்த எக்சோராவுக்கு எந்த மருந்தை அடித்தாலும் பலன் இராது. குற்றவாளி அந்தச் செடியிலேயே இல்லை.

எல்லா அழுக்கணவனும் ஒன்றல்ல

இந்தப் பகுதியை மட்டும் கவனமாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். நாம் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது.

அலரியிலும் எருக்கலையிலும் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில், கறுத்த கால்களோடு கும்பலாக இருப்பது ஏஃபிஸ் நீரியை என்ற இனம். அலரிக்கென்றே உள்ளது என்று சொல்லலாம். அலரி, எருக்கலை, அவற்றின் குடும்பச் செடிகள் தவிர வேறெதிலும் அது பெரிதாக வாழ்வதில்லை. அலரியின் பாலில் உள்ள நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துவைத்துத் தற்காப்புக்குப் பயன்படுத்துகிறது. பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் வளர்ந்த அலரிக்கு அதனால் பெரிய கெடுதி இல்லை. உங்கள் கொச்சிக்காய்க் கன்றுக்கோ கத்தரிக்கோ அது தாவாது. இந்த மஞ்சள் கூட்டத்தை விட்டுவிடுங்கள். ஏன் விட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

செவ்வரத்தையில் வருவது பெரும்பாலும் ஏஃபிஸ் கொசிப்பை. நிறம் ஒரு சீராக இராது. வெளிர் மஞ்சள், பச்சை, கிட்டத்தட்டக் கறுப்பு என்று ஒரே இலையில் பல நிறத்தில் இருக்கும். இது சாதாரணமானதல்ல. செவ்வரத்தையில் இருந்து வெண்டி, கொச்சிக்காய், பூசணி, வெள்ளரி என்று வீட்டுத் தோட்டம் முழுவதும் போகக்கூடியது. போகும்போது செடிக்குச் செடி வைரசு நோயையும் கொண்டுபோகும். வெள்ளரித் தேமல் வைரசு அப்படிப் பரவுகிறவற்றில் ஒன்று. இவ்வகை வைரசுகள் செடிக்குள் போக அழுக்கணவன் அங்கே குடியிருக்கத் தேவையில்லை. சில விநாடிகள் ஊசி வாயால் இலையைச் சோதித்துப் பார்த்தாலே போதும். ஆகவே மருந்து அதைக் கொல்வதற்குள் நோய் ஏறிவிடும். செவ்வரத்தைக்குப் பக்கத்தில் மரக்கறிப் பாத்தி வைத்திருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தைத் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும்.

எக்சோராவின் கொழுந்தில் கபில நிறமாகவோ கறுப்பாகவோ வருவது தேசியிலும் தோடையிலும் வருகிற ஏஃபிஸ் ஓரன்ரியை என்ற இனமாக இருக்கலாம். கிளிசிரிடியா வேலியின் நுனியில் மினுமினுவென்ற கறுப்பில் அப்பிக்கொண்டிருப்பது பயற்றங்கொடிக்கும் வருகிற ஏஃபிஸ் கிராசிவோரா. வேலியில் அதைக் கண்டால் பயற்றங்கொடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இத்தனை வேகமாக எப்படிப் பெருகுகிறது?

1740 இல் ஜெனீவாவில் சார்ல்ஸ் பொனே என்ற இளைஞர், அப்போது அவருக்கு இருபது வயது, பிறந்தவுடன் ஓர் அழுக்கணவனைத் தனியே ஒரு கிளையில் அடைத்துவைத்து நாள் முழுக்கக் கவனித்தார். ஆண் பூச்சி ஒன்று அதன் பக்கத்திலேயே வரவில்லை. வளர்ந்ததும் அது குட்டி போடத் தொடங்கியது. மூன்று கிழமைக்குள் 95 குட்டிகள் என்று எழுதிவைத்தார். ஆணில்லாமல் ஓர் உயிர் இனம்பெருக முடியும் என்பதை அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டது அந்த ஆய்வால்தான்.

எங்களுடைய வெப்பநாட்டில் அழுக்கணவன் ஆண்டு முழுவதும் இப்படித்தான் வாழ்கிறது. ஏறக்குறைய எல்லாமே பெண். முட்டையிடாமல் உயிருள்ள குட்டியாகப் போடுகிறது. தாயின் வயிற்றில் இருக்கும் குட்டிக்குள்ளேயே அடுத்த தலைமுறைக் கருவும் வளரத் தொடங்கிவிடும். நல்ல காலநிலையில் ஒரு குட்டி ஏறக்குறைய ஒரு கிழமைக்குள் தாயாகிவிடும். இடம் நெருக்கமானாலோ செடி வாடினாலோ சிறகுள்ளவை பிறந்து அடுத்த செடிக்குப் பறந்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டால் மருந்தடித்தும் மறுகா ஏன் வருகிறது என்பது விளங்கும். நூறில் இரண்டு தப்பினாலும் போதும், இரண்டு மூன்று கிழமையில் கூட்டம் பழைய அளவுக்கு வந்துவிடும். அதைத் தின்று அடக்க வேண்டிய பூச்சிகளோ மருந்தில் செத்துப்போயிருக்கும். அவை திரும்பிப் பெருக அதைவிட அதிக நாளெடுக்கும். மருந்துக்குப் பிறகு வரும் இரண்டாவது கூட்டம் முதலாவதை விடப் பெரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எறும்பு ஏறினால் கவனியுங்கள்

அழுக்கணவன் உறிஞ்சும் சாற்றில் சீனி அதிகம், புரதம் குறைவு. தேவையான புரதத்தைப் பெற அது நிறையச் சாறு குடித்தாக வேண்டும். மிஞ்சின சீனியைத் துளித்துளியாகக் கழிக்கிறது. இலையில் பிசுபிசுப்பது அதுதான். கரும்பூசணம் வளர்வதும் அதன் மேல்தான். அந்தப் பூசணம் இலைக்குள் போவதில்லை. வெயிலைத்தான் மறைக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். பெரிய செடியென்றால் ஐதான சோற்றுக்கஞ்சியை வடிகட்டித் தெளித்துவிடுங்கள். வெயிலில் காய்ந்து உரியும்போது பூசணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும்.

இந்த இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. சும்மா வருவதில்லை. முசுறும் கறுப்பெறும்பும் அழுக்கணவனைத் தின்ன வரும் பூச்சிகளைத் துரத்திவிடும். ஆகவே பூக்கன்றின் தண்டில் எறும்பு வரிசை ஏறி இறங்கினால் மேலே ஏதோ ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எறும்பைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. அடித்தண்டில் ஒரு துணிப்பட்டியைச் சுற்றிக் கட்டி, அந்தத் துணியின் மேல் கிறீஸ் பூசுங்கள். கிறீசை நேரே பட்டையில் பூச வேண்டாம். வேலியிலோ சுவரிலோ தொட்டுக்கொண்டிருக்கும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள், எறும்பு அந்த வழியால் ஏறும்.

நமக்காக உழைப்பவை

பொறிவண்டு எல்லோருக்கும் தெரியும். செம்மஞ்சள் முதுகில் கறுத்த நெளிகோடும் புள்ளியும் உள்ளது. அதன் குஞ்சை அடையாளம் தெரியாமல் நசுக்குகிறவர்கள்தான் அதிகம். அது வாவிக் கரையில் கிடக்கும் முதலையை மிகச் சிறிதாக்கினதுபோல் இருக்கும்: நீண்ட, கருஞ்சாம்பல் உடம்பு, முள்முள்ளான முதுகு, மஞ்சள் அல்லது செம்மஞ்சள் பொட்டுகள். வளர்ந்த வண்டும் குஞ்சும் இரண்டுமே நாளொன்றுக்குப் பல பத்து அழுக்கணவனைத் தின்னும்.

பூவுக்கு மேல் ஒரே இடத்தில் அசையாமல் பறந்து நிற்கும் சிறு ஈயைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் மஞ்சளும் கறுப்புமாக வரி இருப்பதால் குளவி என்று பயப்படுகிறார்கள். அது கொட்டாது. அதன் புழு காலில்லாமல், பச்சையாகவோ கபிலமாகவோ, அழுக்கணவன் கூட்டத்துக்குள்ளேயே நகர்ந்து தின்றுகொண்டிருக்கும். மயிர்போன்ற காம்பின் நுனியில் வெள்ளை முட்டை தனித்தனியாக நிற்பதைக் கண்டால் அது கண்ணாடிச் சிறகுப் பூச்சியுடையது. அதன் குஞ்சும் அழுக்கணவனைத்தான் தின்னும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குட்டிக் குளவி. அழுக்கணவனின் உடம்புக்குள் முட்டையிடும். உள்ளிருந்தே புழு தின்று வளரும். அந்த அழுக்கணவன் வீங்கி, பழுப்பாகி, இலையில் ஒட்டியபடி செத்துவிடும். முதுகில் வட்டமான ஓட்டை இருந்தால் குளவி வெளியே போய்விட்டது. கூட்டத்தில் இப்படிப் பழுப்பாக வீங்கினவை கலந்திருந்தால் கையை வைக்காதீர்கள். வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அலரியின் மஞ்சள் கூட்டத்தை விடச் சொன்ன மற்றக் காரணம் இதுதான். தோட்டத்துச் செடிக்குத் தாவாத அந்தக் கூட்டத்தை நம்பிப் பொறிவண்டும் ஈயும் வளவில் தங்கும். செவ்வரத்தையில் கூட்டம் வரும்போது அவை தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை. அலரி இலையையும் எருக்கலை இலையையும் தின்று வளரும் வண்ணாத்திப்பூச்சிகளும் உண்டு. மருந்தடிக்காவிட்டால் அவையும் பிழைத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது, வரிசையாக

ஒன்று: பாருங்கள். பொறிவண்டோ அதன் குஞ்சோ பழுப்பு வீக்கமோ தெரிந்தால் ஒரு கிழமை பொறுங்கள்.

இரண்டு: தண்ணீர் அடியுங்கள். காலையில், ஹோஸ் குழாயின் வாயை விரலால் அழுத்திப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி அடிக்க வேண்டும். கொழுந்து முறியாதபடி மறு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். கீழே விழுந்தவை பெரும்பாலும் திரும்பி ஏறாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று முறை செய்யுங்கள். மாரியில் கன மழை பெய்த பிறகு அழுக்கணவன் குறைவதும் இதனால்தான்.

மூன்று: வெட்டுங்கள். இலை சுருண்டு அதற்குள் கூட்டம் இருந்தால் தண்ணீர் உள்ளே போகாது. அந்த நுனியை வெட்டிச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் போடுங்கள். செவ்வரத்தை வெட்ட வெட்டக் கிளைக்கும், கவலை வேண்டாம். அலரியை வெட்டும்போது மட்டும் கையுறை போடுங்கள். வெட்டின கிளையை எரிக்கவோ ஆடு மாட்டுக்குப் போடவோ வேண்டாம். அதன் பால், இலை, புகை எல்லாமே நஞ்சு.

நான்கு: சவர்க்காரத் தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம். சலவைத் தூள் வேண்டாம், இலை கருகும். முதலில் இரண்டு மூன்று இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். பிறகு பின்னேரம், வெயில் தாழ்ந்ததும், பூச்சியின் மேல் நேரே படும்படி தெளியுங்கள். படாத பூச்சி சாகாது, ஏனென்றால் காய்ந்த பிறகு சவர்க்காரத்துக்குப் பலம் இல்லை. ஐந்து நாள் கழித்து இன்னொரு முறை தெளிக்கலாம்.

ஐந்து: வேம்பு. அதிகக் கூட்டம் இருந்தால் மட்டும். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் வடித்து, சில துளி சவர்க்காரம் கலந்து, அன்று பின்னேரமே தெளியுங்கள். வேம்பு உடனே கொல்லாது. தின்பதையும் வளர்வதையும் குலைக்கும். நாலைந்து நாள் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும்.

ஆறு: யூரியாவை நிறுத்துங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள எங்கள் எழுவான்கரை மண் மணல். உரம் தங்காது என்று அள்ளிப் போடுகிறோம். யூரியாவால் கொழுந்து மளமளவென்று வரும், அதில் நைதரசன் நிறைந்த சாறு ஓடும். அழுக்கணவன் அதில்தான் வேகமாகப் பெருகும். அதற்குப் பதில் மக்கின சாணமும் இலைக்குப்பையும் போடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் செடி வாடாமல் அடியில் மூடாக்கும் போடுங்கள்.

மருந்து ஏன் வேண்டாம்

ஒரு காலத்தில் அழுக்கணவன் என்றாலே டைமெதோயேட் என்பார்கள். 2008 க்கும் 2011 க்கும் இடையில் பராகுவாட், பென்தியன் ஆகியவற்றோடு அதையும் இலங்கை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. காரணம், மனிதருக்கு அவை கொடிய நஞ்சு. அதற்கு முன் 1990களில் வந்த தடைகளோடு சேர்த்து, இந்த நடவடிக்கைகள் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கின்றன. எங்கள் கிழக்கு மாகாணக் குடும்பங்களுக்கு இதன் பெறுமதி தெரியும். நஞ்சுப் போத்தல் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்காமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு.

இப்போது பலர் வாங்குவது இமிடாக்ளோபிரிட். வேரிலோ இலையிலோ போட்டால் செடி முழுக்கப் பரவி, பூவின் தேனுக்கும் போகும். தேனீக்கு ஆபத்து என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் திறந்தவெளியில் அதைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. 2019 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இவ்வகை மருந்து போட்ட தோடை இனச் செடிகளில் வெண்மூட்டுப்பூச்சி கழித்த இனிப்பைக் குடித்த பூ ஈக்களும் குட்டிக் குளவிகளும் செத்ததைக் காட்டியது. நமக்கு உதவ வருகிறவற்றைத்தான் அது முதலில் கொல்கிறது.

எங்கள் ஊருக்கென்று தனிக் காரணங்களும் உண்டு. கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் நிலத்தில் இருக்கின்றன. கிணற்றில் தண்ணீர் அதிக ஆழத்தில் இல்லை. வளவில் ஊற்றுவது மணலூடாகக் கீழே இறங்கும். மழை வந்தால் வடிகானில் ஓடி வாவிக்குப் போகும். சைபர்மெத்ரின் வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. வாவி இறாலை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதோடு இந்தப் பூக்களை நாம் என்ன செய்கிறோம் என்று யோசியுங்கள். காலையில் பறித்துச் சாமிக்கு வைக்கிறோம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கொண்டுபோகிறோம். செவ்வரத்தம் பூவையும் இலையையும் அரைத்துப் பிள்ளைகளின் தலையில் பூசுகிறோம். அந்தக் கன்றில் நஞ்சு இருக்கக் கூடாது.

வயல்காரருக்கும் வணிகத் தோட்டக்காரருக்கும் நான் இதைச் சொல்லவில்லை. 2021 இல் இரசாயன உரமும் மருந்தும் அரசால் ஒரேயடியாக நிறுத்தப்பட்டபோது வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரை விவசாயிகள் பட்ட பாட்டை நேரில் கண்டோம். அவர்களுடைய வயிற்றுப்பாடு வேறு. வீட்டு வாசலில் நிற்கும் ஐந்தாறு பூக்கன்றின் கதை வேறு.

இயற்கை எதிரிகளை நம்பலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஓர் உதாரணம். 2008 இல் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி இலங்கைக்குள் நுழைந்தது. பப்பாசி, மரவள்ளி, செவ்வரத்தை என்று கண்டதிலெல்லாம் ஏறியது. மருந்தால் மட்டும் அடங்கவில்லை. மறு ஆண்டு புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற குட்டிக் குளவியை விவசாயத் திணைக்களம் தருவித்துப் பரப்பியது. பூச்சி அடங்கியது. தமிழ்நாடும் 2010 இல் இதே குளவியைக் கொண்டுதான் அதைக் கட்டுப்படுத்தியது. அழுக்கணவனுக்கு அப்படி எங்கிருந்தும் தருவிக்க வேண்டியதில்லை. அதற்கான குளவியும் வண்டும் ஈயும் ஏற்கனவே எங்கள் வளவில் இருக்கின்றன. துளசியையும் கொத்தமல்லியையும் கொஞ்சம் பூக்க விடுங்கள், அவற்றின் தேனுக்காகவும் அவை வரும்.

இத்தனையும் செய்தும் கன்று தேறவில்லை என்றால் கடைக்காரரிடம் கேட்காமல், கொழுந்து ஒன்றை வெட்டிப் பொலித்தீன் பையில் போட்டு, கட்டிக்கொண்டு உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். அங்கே விவசாயப் போதனாசிரியர் இருப்பார். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம். ஏற்கனவே வீட்டில் மிச்சமாகக் கிடக்கும் மருந்தை வடிகானிலோ வாவியிலோ மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பூட்டிவைத்து, அதை எப்படி அகற்றுவது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.